சோறு தொடாத மூணு மாசம்

வேண்டாம் சார், நீங்க சாப்பிடுங்க. முறுக்கு பிடிக்காமலா? பிடிச்சுப் பிடிச்சுத்தான் இந்தக் கதிக்கு வந்திருக்கு. சுகர். அட, மூஞ்சிய அப்படி வைக்காதீங்க, நான் என்ன செத்தா போயிட்டேன்? ஜன்னல் சீட்ட நீங்களே வச்சுக்கிடுங்க. எனக்கு இந்தப் பக்கம் இருந்தாத்தான் முன்னால ரோடு தெரியும். ரோடு தெரியலைன்னா எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

நானும் டிரைவர்தான் சார். அரசு பஸ்ஸு. இருபத்தாறு வருசமா திருநெல்வேலி டு திருச்சி, திருச்சி டு திருநெல்வேலி. ஒரு கோழி மேல ஏத்தினதில்ல. பெருமைக்குச் சொல்லல, டெப்போல போய்த் தங்கப்பழம்னு கேட்டுப் பாருங்க, வாட்ச்மேன் கூடச் சொல்லுவான். பாத்தீங்களா, இந்தப் பய கியர் போடுத அழக? பாவூர்சத்திரம் தாண்டல, அதுக்குள்ள மூணு தடவ கரகரன்னு கடிக்கான். சரி விடுங்க, நம்ம வண்டியா?

வருசத்துக்கு ஒரு மெடிக்கல் உண்டு எங்களுக்கு. கண்ணு, பிரஷர், சுகர் எல்லாம் பாப்பாங்க. மூணு மாசத்துக்கு முந்தி அந்த டாக்டர் பேப்பரப் பாத்தாரு, என்னப் பாத்தாரு, மறுபடி பேப்பரப் பாத்தாரு. "இவ்வளவு சுகர வச்சுக்கிட்டு உங்க கையில ஸ்டீரிங்கக் குடுக்க முடியாதுங்க. மூணு மாசம் டைம். குறைச்சுட்டு வாங்க. இல்லைன்னா லைட் டூட்டி"ன்னுட்டாரு. லைட் டூட்டின்னா என்ன தெரியுமா? பஸ் ஸ்டாண்டுல ஒரு பொட்டி ரூமு. அதுல உக்காந்து போற வண்டி, வார வண்டி நம்பர எழுதணும். நேத்து சேந்த பய ஹாரன அடிச்சுக்கிட்டுப் போவான், நான் ஜன்னல் வழியா எட்டிப் பாத்து அவன் நம்பர எழுதணும். ரிட்டயர் ஆக இன்னும் ரெண்டு வருசம் கிடக்கு. ஸ்டீரிங்குல உக்காந்து ரிட்டயர் ஆகணும், மாலையோட டிரைவர் சீட்டுல இருந்து இறங்கணும், அதுதான் சார் எனக்கு ஆசை. வேற ஒண்ணுக்கும் நான் ஆசைப்பட்டதில்ல.

டாக்டர் மாத்திரை எழுதிக் குடுத்தாரு. "சாப்பாட்டுல மாவுச்சத்தக் குறைங்க"ன்னாரு. எப்படிக் குறைக்கணும்னு கேக்கணும்லா? கேக்கல. எனக்கு ஒரு பழக்கம், யாருட்டயும் வழி கேக்க மாட்டேன். டிரைவர் இறங்கி வழி கேட்டா பாசஞ்சருக்கு நம்பிக்கை போயிரும். அந்தப் பழக்கம் டாக்டர் ரூமுக்குள்ளயும் என் கூடவே வந்துட்டு.

வீட்டுக்கு வந்து சண்முகக்கனியக் கூப்பிட்டேன். என் சம்சாரம். "ஏளா, இன்னையில இருந்து எனக்குச் சோறு கிடையாது. மூணு மாசம் விரதம்னு நினைச்சுக்கோ"ன்னேன். அங்கதான் சார் தப்புப் பண்ணினேன். எங்க வீட்ல விரதம்னா சோறு தொடப்படாது, பலகாரம் சாப்பிடலாம். இட்லி, தோசை, உப்புமா இதெல்லாம் எங்க கணக்குல சாப்பாடே கிடையாது. எங்க அப்பா கார்த்திகை விரதத்துல பத்து இட்லிய உள்ள தள்ளிட்டு, "இன்னைக்கு நான் பட்டினி"ன்னு சொல்லித் துண்ட விரிச்சுப் படுப்பாரு. அந்த ரத்தம்தான இங்கயும் ஓடுது? காலையில இட்லி, மத்தியானம் டிபன் கேரியர்ல இடியாப்பம், வீட்டுக்கு வந்தா உப்புமா. ஒரு நாளைக்குப் புட்டு, அது தொண்டையில இறங்கணுமேன்னு ரெண்டு பழம். மனுசன் சோறில்லாம வாடுதாரேன்னு சண்முகக்கனி ஒரு கரண்டி கூடவே வைப்பா. நானும் தியாகி மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சாப்பிடுவேன்.

ஒரு மாசம் கழிச்சு லேப்ல போய்ப் பாத்தா, முன்னைக்கு நாப்பது கூடியிருக்கு. அந்த மிஷின் கெட்டுப் போச்சுன்னு நான் அந்தப் பொண்ணுகிட்ட சண்டைக்குப் போயிட்டேன். மறுநாள் செல்வின்ட்ட சொன்னேன். செல்வின் என் கண்டக்டரு. நாசரேத்துக்காரன், பதினெட்டு வருசமா ஒரே வண்டி. கூடப் பொறந்தவன்ட்ட பேசினத விட அவன்ட்ட பேசினது அதிகம். "செல்வின், முப்பது நாளு அரிசியக் கண்ணால பாக்கல, சுகர் ஏறிட்டு பாரு"ன்னேன். அவன் டிக்கெட் கிழிக்கத நிப்பாட்டிட்டு என்னப் பாத்தான். "இட்லி என்ன அண்ணாச்சி, பருத்திக் கொட்டையிலயா அவிக்காங்க?"ன்னான். இஞ்சின் பக்கத்துல நின்ன ஆளுக எல்லாம் சிரிச்சுட்டாங்க. கோவில்பட்டி வரைக்கும் நான் அவன்ட்ட பேசலயே.

பேசலையே ஒழிய, உறைச்சுட்டு. சரி, இனிமே முறையாத் தெரிஞ்சுக்கிட்டுச் செய்வோம்னு போனக் கையில எடுத்தேன். அதுக்குள்ள எத்தன டாக்டருங்க சார்! ஒருத்தன் வெள்ளைக் கோட்டு, கழுத்துல குழாய். சோறு விஷம்ங்கான். எந்த ஆஸ்பத்திரின்னு பாத்தா கடைசில எண்ணெய் விக்கான். ஒருத்தன் கேழ்வரகு தின்னுங்கான், இன்னொருத்தன் கேழ்வரகும் சோறும் ஒண்ணுதாம்ல முட்டாளேங்கான். ஒருத்தன் பழம் அமிர்தம்ங்கான், ஒருத்தன் பழத்தத் தொட்டா காலு போயிரும்ங்கான். வெண்டைக்காய ஊறப்போட்டு அந்தத் தண்ணியக் குடின்னு ஒருத்தன் சொன்னான். ஒரு வாரம் குடிச்சேன். மூக்க ஒழுக விட்டுக் குடிச்ச மாதிரி இருக்கும், சாப்பிடுத நேரத்துல சொல்லுதேன், மன்னிச்சுக்கிடுங்க. எல்லாப் பயலும் வீடியோ முடியப்போற நேரத்துல, "உங்க மருத்துவரக் கேட்டுட்டு ஆரம்பிங்க"ன்னு குடுகுடுன்னு ஒண்ணு சொல்லுவான். அது வாரதுக்கு முந்தி நான் அடுத்த வீடியோவுக்குப் போயிருவேன்.

பொறவு ஒரு வாட்ஸாப் குரூப்ல சேந்தேன். இருநூறு பேரு. காலையில எந்திரிச்சதும் அவனவன் தின்ன தட்டப் போட்டோ பிடிச்சுப் போடுவான். முட்டை, கறி, பன்னீர், தேங்காய், கீரை. ஒரு பருக்கை சோறு இருக்காது. நானும் அப்படியே மாறிட்டேன். மாறினது மட்டுமா, பிரசங்கமே ஆரம்பிச்சுட்டேன். திருச்சி வரைக்கும் இஞ்சின் பக்கத்துல உக்காருத ஆளுக்கெல்லாம் நான்தான் டாக்டர். ஒரு அம்மா தயிர்சாதப் பொட்டலத்தப் பிரிச்சா, கண்ணாடி வழியா பாத்து, "யம்மா, அது விஷம்"னு சொன்னவன் சார் நான். அந்தம்மா தயிர் கெட்டுப் போச்சுன்னு நினைச்சு ஜன்னல் வழியா வீசிட்டு. பாவம்.

மோட்டல்ல நடந்த கூத்தக் கேளுங்க. மேலூர் தாண்டி ஒரு மோட்டல்ல எங்க வண்டி நிக்கும். டிரைவருக்கும் கண்டக்டருக்கும் திரை போட்ட தனி ரூமு. வண்டியக் கொண்டு வார மரியாதைக்கு எங்களுக்குன்னு தனிப் பரோட்டா, தனிக் குழம்பு. அன்னைக்கு நான் பரோட்டாவத் தள்ளி வச்சுட்டு, ஆறு முட்டை ஆம்லெட்டும் ஒரு தட்டு சுக்காவும் போதும்னேன். மாஸ்டர் திரைய விலக்கிப் பாத்துட்டுப் போனான். அஞ்சு நிமிசத்துல மானேஜரே ஓடி வாரான். "அண்ணாச்சி, பரோட்டாவுல ஏதும் குறையா? பக்கத்து மோட்டல்காரன் வந்து பேசினானா? இங்க நிப்பாட்டாமப் போயிராதீங்க"ன்னு கையப் பிடிச்சுக்கிட்டான். செல்வின் என் பரோட்டாவையும் சேத்துத் தின்னுக்கிட்டே, "பயப்படாதீங்க, அண்ணாச்சிக்கு டயட்டு"ன்னான். அவன் நம்பவே இல்ல. அடுத்த ட்ரிப்புக்குப் பரோட்டாவ நெய்யில போட்டுக் குடுத்தான்.

எப்படியோ, சுகர் இறங்கிச்சு. பொய் சொல்லல. ரெண்டாவது மாசம் முடிய பாதிக்குப் பாதி இறங்கிட்டு. ஏழு கிலோ போச்சு, யூனிபார்ம் பேண்ட்டு இடுப்புல நிக்கல. எனக்கு அப்ப வந்த தலைக்கனம் இருக்கே! ஆனா பதினோரு மணிவாக்குல கை லேசா நடுங்கும். நெஞ்சு படபடன்னு வரும். குரூப்ல கேட்டேன். "உடம்புல இருந்து கெட்டது வெளியேறுது, நல்ல அறிகுறி"ன்னு ஒருத்தன் போட்டான். அறுபது பேரு கை தட்டுத பொம்மை போட்டாங்க. சரி, வெளியேறட்டும்னு இருந்துட்டேன். அவன் யாருன்னு பொறவு விசாரிச்சேன். பெயிண்ட் கடை வச்சிருக்கான்.

ஆலங்குளம் வந்துட்டா? ஆமா, ஆலங்குளந்தான். தண்ணி இருந்தா ஒரு வாயி குடுங்க.

போன அமாவாசை. அப்பாவுக்கு விரதம். அமாவாசைன்னா காலையில பச்சத்தண்ணி தவிர ஒண்ணும் தொட மாட்டேன், எத்தன வருசத்துப் பழக்கம். மெடிக்கலுக்கு இன்னும் பத்து நாளுதான் இருக்கு. எதுக்கும் இருக்கட்டும்னு அன்னைக்குக் காலையில ஒரு மாத்திரைக்கு ரெண்டாப் போட்டேன். ஏன்னு கேக்காதீங்க. ஒண்ணு போட்டா இவ்வளவு இறங்குது, ரெண்டு போட்டா இன்னும் இறங்கும்லா, அவ்வளவுதான் என் மூளை. மத்தியானம் மோட்டல்ல போய் உக்காந்தேன். அமாவாசை, அதனால கறி கிடையாது, முட்டை கிடையாது. சோறு விஷம். பரோட்டா விஷம். சாம்பார்ல பருப்பு இருக்கு, அதையும் ஒருத்தன் வேண்டாம்னு சொல்லியிருக்கான். மிச்சம் என்ன இருக்கு? மோரு. ஒரு டம்ளர் மோரக் குடிச்சுட்டு வண்டிய எடுத்தேன். அப்பாவும் சந்தோசப்படுவாரு, டாக்டரும் சந்தோசப்படுவாருன்னு எனக்கு ஒரே பூரிப்பு.

விராலிமலைக்குக் கொஞ்சம் முந்தி சார். முன்னால போற லாரி ஒண்ணுதான், எனக்கு ரெண்டாத் தெரியுது. சட்டை வேர்வையில நனைஞ்சு முதுகோட ஒட்டிக்கிட்டு. கால் பிரேக்குல இருக்கா ஆக்சிலேட்டர்ல இருக்கான்னு எனக்கே தெரியல. பின்னால யாரோ இறங்கணும், செல்வின் விசில் அடிக்கான். எனக்கு விசில் கேக்குது. அது எதுக்கு அடிக்காங்கன்னு மறந்துட்டு. இருபத்தாறு வருசமா கேட்ட விசில் சார் அது.

செல்வின் முன்னால ஓடி வந்து என் மூஞ்சியப் பாத்தான். "பிரேக்க மிதிங்க அண்ணாச்சி! பிரேக்கு!"ன்னு கத்தினான். மிதிச்சேன். மிதிச்சிருக்கேன், எனக்கு நினைப்பில்ல. முன் சக்கரம் தார விட்டு இறங்கி, ஒரு புளியமரத்துக்கு முன்னால நின்னிருக்கு. மரத்துக்கும் பம்பருக்கும் நடுவுல ஒரு ஆள் ஒதுங்கி நிக்கலாம், அவ்வளவுதான் இடம். வண்டியில நாப்பத்தியொரு பேரு. ஒரு பொண்ணு தன் பிள்ளைக்கு வச்சிருந்த மாம்பழ ஜூஸ் பாட்டில நீட்டுச்சு. செல்வின் என் வாயில கொஞ்சங்கொஞ்சமா ஊத்துதான். பின்னால ஒரு ஆளு, "டிரைவர் குடிச்சிருக்கானா?"ன்னு கேக்கான். நான் கள்ளு கூடத் தொட்டதில்ல சார். வாயத் தொறந்து இல்லைன்னு சொல்லணும், நாக்கு புரளல.

செல்வின் பின்னால வந்த வண்டியில எல்லாரையும் ஏத்தி விட்டான். வண்டி நின்னதுக்கு இஞ்சின் பெல்ட்டு போயிட்டுன்னு டிரிப் ஷீட்டுல எழுதினான். அவன் எழுதின ஒரே பொய் அதுவாத்தான் இருக்கும், கிறிஸ்தவன், ஞாயித்துக்கிழமை தவறாதவன். ஒரு மணி நேரம் கழிச்சு எனக்கு எல்லாம் தெளிஞ்சுட்டு. காலி வண்டிய நானே ஓட்டிட்டுப் போய்த் திருச்சில விட்டேன். அவன் பக்கத்துலயே நின்னுக்கிட்டு வந்தான். இறங்கும்போது சொன்னான், "அண்ணாச்சி, நான் யாருட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா நான் வேற வண்டி கேட்டு எழுதிக் குடுக்கப் போறேன். கோவிச்சுக்கிடாதீங்க, எனக்கும் ரெண்டு பிள்ளைக இருக்கு." கோவிச்சுக்கிட என்ன இருக்கு? கையால ஒண்ணு போட்டிருந்தாக் கூட எனக்கு அவ்வளவு வலிச்சிருக்காது. சொந்தத்துல கல்யாணம்னு பொய் சொல்லி அன்னையில இருந்து லீவுல இருக்கேன்.

இன்னைக்கு எதுக்குத் தென்காசி வந்தேன்னு கேக்கலியே நீங்க. என் மக பொன்செல்வியக் கட்டிக் குடுத்தது தென்காசியிலதான். அங்க ஒரு ஆஸ்பத்திரியில வேலை பாக்கா. என்ன வேலைன்னா, நோயாளிக என்ன சாப்பிடணும்னு சொல்லுத வேலை. ஆமா சார். சிரிங்க, நல்லாச் சிரிங்க. அதுக்குன்னே மூணு வருசம் காலேஜுல படிச்சவ. சேரும்போது, "இட்லி அவிக்கதுக்கு ஒரு பட்டமாளா?"ன்னு சொந்தக்காரங்க முன்னால கேட்டவன் நான். மேல படிக்கேன்னு அழுதா, போதும்னு சொல்லி மாப்பிள்ளை பாத்துட்டேன். அவ வேலைக்குப் போறதும் மாப்பிள்ளை நல்லவரா இருக்கப்போயித்தான்.

பெயிண்ட் கடைக்காரன்ட்ட கேட்டேன், எண்ணெய் விக்கவன்ட்ட கேட்டேன். இவ்வளவையும் இவகிட்ட ஏன் கேக்கலைன்னா, சுகர் இருக்குன்னே அவகிட்ட சொல்லல. சொன்னா பயந்துருவான்னு வீட்ல சொல்லி வச்சிருந்தேன். பயமாவது ஒண்ணாவது. அவகிட்ட போய் நின்னா நான் அன்னைக்குச் சொன்னது தப்புன்னு ஆயிரும்லா, அதுதான்.

போன் பண்ணாமலே போனேன். டோக்கன் போட்டு, பதினாலாம் நம்பரு, பெஞ்சில உக்காந்தேன். கதவுல அவ பேரு எழுதியிருக்கு. எனக்கு முந்தி போன ஒரு கிழவரு வெளிய வந்து, "நல்லாச் சொல்லுது சார் பிள்ளை, நம்ம வீட்ல என்ன பொங்குதோ அத வச்சே சொல்லுது"ன்னாரு. என் மகதான்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துட்டு. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்ல?

உள்ள போனேன். நிமிந்து பாத்தா. அப்பான்னு எந்திரிக்கல. கையில இருந்த டோக்கனப் பாத்தா. "உக்காருங்க"ன்னா. பேனாவ எடுத்து, "பேரு?"ன்னா. தங்கப்பழம்னு சொன்னேன். "வயசு?" அம்பத்தெட்டு. "என்ன மாத்திரை?" அட்டையக் குடுத்தேன். எல்லாத்தையும் சொன்னேன் சார், பலகார விரதம், வெண்டைக்காய்த் தண்ணி, ரெண்டு மாத்திரை, மோரு, புளியமரம். எழுதிக்கிட்டே வந்தா. புளியமரத்துகிட்ட பேனா நின்னுட்டு.

"இதெல்லாம் யாரக் கேட்டு ஆரம்பிச்சீங்க?"ன்னா. ஒவ்வொருத்தனாச் சொன்னேன். "வீட்ல இதப் படிச்சவங்க யாரும் இல்லையா?"ன்னா. "இருக்கு. கேக்கல"ன்னேன். "என் புத்தகம் இருக்குமே, நம்ம ஊரு சாப்பாடு ஒவ்வொண்ணுலயும் என்ன சத்து எவ்வளவு இருக்குன்னு பட்டியல் போட்டது. அதையாவது பாத்தீங்களா?" பாத்தேனாவா? அந்தத் தடிப் புத்தகத்து மேல போனச் சாச்சு வச்சுத்தான் சார் ரெண்டு மாசமா அந்தப் பயலுவ வீடியோவப் பாத்தேன். அதச் சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு வந்துட்டு. சிரிச்சுக்கிட்டே இருந்தவ திடீர்னு அழுதுட்டா. "எப்பா, நீங்க செத்துப் போயிருப்பீங்கப்பா"ன்னா. எனக்கும் அடக்க முடியல. வெளிய பதினஞ்சாம் நம்பரு கதவத் தட்டுதான், உள்ள நாங்க ரெண்டு பேரும் அழுதுக்கிட்டு இருக்கோம்.

பொறவு முறையாச் சொன்னா. சோத்தக் குறைச்சது தப்பில்லியாம். மாத்திரை போடுதவன் சாப்பாட்ட இந்த அளவுக்குக் குறைச்சா டாக்டரப் பாத்து மாத்திரையையும் குறைக்கணுமாம், பட்டினியாக் கிடக்கவே கூடாதாம். அவளே அங்க இருக்க டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போயி மாத்திரைய மாத்தி வாங்கிக் குடுத்தா. இந்தா இருக்கு, சட்டைப் பையில, அவ எழுதிக் குடுத்தது. ரெண்டு இட்லி, நிறையக் காய், ஒரு சின்னக் கிண்ணம் சோறு. சோறுன்னு அவ கையெழுத்துல இருக்கத நான் நாலு தடவ படிச்சுட்டேன்.

எல்லாம் நல்லபடியாத்தான் போச்சு. வாசல் வரைக்கும் வந்தவகிட்ட, நாளைக்கு மெடிக்கல், சுகர் நல்லா இறங்கிட்டு, பாஸாயிருவேன்னேன். "பாஸாயிருவீங்க"ன்னா. "மயக்கம் வந்துச்சான்னு கேப்பாங்களேப்பா, என்ன சொல்லப் போறீங்க?"ன்னா. "நீயே சொல்லுளா"ன்னேன். "அத நான் சொல்ல முடியாது. அது உங்க வண்டி"ன்னுட்டு உள்ள போயிட்டா.

அந்தப் பாரத்துல ஒரு கேள்வி உண்டு சார். வண்டி ஓட்டும்போது மயக்கம் வந்ததுண்டா? உண்டு, இல்லை. ஏதாவது ஒண்ணுல டிக் போடணும். இருபத்தஞ்சு தடவ படிக்காமலே 'இல்லை'ல போட்டிருக்கேன். நாளைக்கும் போட்டா யாருக்குத் தெரியும்? பேப்பர்ல பெல்ட்டுன்னு இருக்கு. ஸ்டீரிங்கு ரெண்டு வருசம் என் கையிலதான். 'உண்டு'ன்னு போட்டா அந்தப் பொட்டி ரூமுதான். இனிமே அப்படி நடக்காதுன்னு எனக்குத் தெரியும் சார், மாத்திரைய மாத்தியாச்சு, மகளே எழுதிக் குடுத்துட்டா. தெரியும்னுதான் நினைக்கேன். அந்த மோரக் குடிக்கும்போதும் தெரியும்னுதான் நினைச்சேன்.

முன்னப் பின்னத் தெரியாத உங்ககிட்ட ஏன் இவ்வளவும் சொன்னேன்னு நினைக்கீங்க? வாயி பழகட்டும்னுதான். சண்முகக்கனிட்ட கூட இன்னும் புளியமரத்தச் சொல்லல.

பேட்டை வந்துட்டு, நான் இங்க இறங்கணும். ஒண்ணே ஒண்ணு கேக்கேன். நாளைக் கழிச்சு நீங்க பிள்ளைகளக் கூட்டிக்கிட்டுத் திருச்சி வண்டியில ஏற வாரீங்க. டிரைவர் சீட்டுல நான் உக்காந்திருக்கேன். ஏறுவீங்களா, அடுத்த வண்டி வரட்டும்னு நிப்பீங்களா?

இல்ல இல்ல, சொல்ல வேண்டாம். நீங்க நல்ல மனுசன், ஏறுவேன்னுதான் சொல்லுவீங்க. ஆனா கேட்ட உடனே முன் சீட்டுக் கம்பிய எட்டிப் பிடிச்சீங்கல்லா? அது போதும். 'உண்டு'ன்னே போட்டுருதேன் சார். வாரேன்.